கண்ணாடித் தொட்டியில் பச்சைப் படலமா? அதற்குள் எத்தனை அதிசயம் இருக்கிறது, தெரியுமா? முதலில் ஒரு கோயில் குளத்துக்குப் போய் வருவோம்.

திருமலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு, திருப்பதியிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் இருக்கும் திருச்சானூரில் தாயாரையும் சேவித்தால்தான் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு யாத்திரை நிறைவு. அலமேலு மங்காபுரம் என்று சொன்னால் இன்னும் சட்டென்று புரியும். அந்தக் கோயிலின் பத்ம சரோவரத்தை ஒட்டி சூரிய நாராயணருக்கு ஒரு தனிக் கோயில் இருக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? தாயாரின் குளத்தருகே சூரியனுக்கு என்ன வேலை?

தல புராணம் சொல்லும் காரணத்தைக் கேளுங்கள். திருமகளைப் பிரிந்த சீனிவாசன் இங்கே குளம் வெட்டினார். அதில் பொற்றாமரையை நட்டார். அந்தத் தாமரை மலரவேண்டும் என்று சூரியனைக் கரையில் எழுந்தருளச் செய்தார். 12 ஆண்டுகள் தவமிருந்தார். கார்த்திகை வளர்பிறைப் பஞ்சமியன்று தாமரைக்குள்ளிருந்து தாயார் தோன்றினாள். ஆண்டுதோறும் கார்த்திகை பிரம்மோற்சவத்தின் கடைசி நாளில் லட்சக்கணக்கானோர் இந்தக் குளத்தில் மூழ்கி எழும் பஞ்சமி தீர்த்தம் அந்த நாள்தான்!

குளம், வெயில், தாமரை. உங்கள் வீட்டு மீன்தொட்டியில் தேய்க்கத் தேய்க்க முளைக்கும் பாசியின் முழு ரகசியமும் இந்த மூன்றில் அடங்கியிருக்கிறது என்றால் நம்புவீர்களா? வெயில் விழும், சத்து நிறைந்த தண்ணீரில் ஏதாவது ஒன்று வளர்ந்தே தீரும். தாமரை முந்திக்கொண்டால் அதன் அகன்ற இலைகள் நீர்ப்பரப்பை மூடிவிடும். கீழே வெளிச்சம் குறையும், சத்தைச் செடி எடுத்துக்கொள்ளும், பாசி அடங்கிக் கிடக்கும். தாமரை இல்லாத குளத்தில் அதே வெயிலும் அதே சத்தும் பாசிக்குப் போகும். ஆக, பாசியை விரட்டப் பிரஷ்ஷை எடுப்பதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, சத்து எங்கிருந்து வருகிறது என்பதுதான்.

உலகத்தின் முதல் மீன்தொட்டிகளில் ஒன்றிலேயே பாசித் தொல்லை வந்துவிட்டது தெரியுமா? 1850-ல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் வைத்துப் பார்த்தார். செடி ஆக்சிஜன் தரும், மீன் கழிவைச் செடி உண்ணும், தண்ணீரை மாற்றவே வேண்டாம் என்பது அவர் எண்ணம். கொஞ்ச நாளில் பழைய இலைகள் அழுகின, பச்சைப் படலம் படர்ந்தது, தண்ணீர் கலங்கியது. அவர் மருந்தைத் தேடவில்லை. குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார்! அவை அழுகலையும் படலத்தையும் தின்றன, தொட்டி தெளிந்தது. அந்த வாலிஸ்னேரியா நம் ஊர்க் குளங்களிலும் கால்வாய்களிலும் ரிப்பன் ரிப்பனாக அசைந்துகொண்டிருக்கும் இனம்தான். இன்றும் அதைவிட எளிதாக வளரும் தொட்டிச் செடிகள் குறைவு.

சரி, பாசியைப் படித்து உலகப் புகழ் பெற்ற சென்னைக்காரர் ஒருவர் இருக்கிறார், தெரியுமா? 1886-ல் சென்னையில் பிறந்த எம்.ஓ.பி. அய்யங்கார்! இந்தியப் பாசியியலின் தந்தை என்று தாவரவியல் உலகம் போற்றும் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர். நாம் மூக்கைச் சுளித்துக்கொண்டு தாண்டிப்போகும் பச்சைத் தண்ணீரை அவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். உருண்டு உருண்டு நீந்தும் வால்வாக்ஸ் கூட்டங்களைப் பற்றி எழுதினார். ஈர மண்ணில் வளரும் ஒரு பாசிக்கு 1932-ல் ஃப்ரிட்சியெல்லா என்று தன் ஆசிரியர் ஃப்ரிட்ச் பெயரைச் சூட்டினார். மண்ணுக்குள் கொஞ்சம், மண்ணுக்கு மேலே கொஞ்சம் என்று வளரும் உடம்பு அதற்கு. நீரில் இருந்த தாவரம் நிலத்துக்கு எப்படி ஏறியிருக்கும் என்று பேசும்போதெல்லாம் அந்தப் பாசியை உதாரணம் காட்டினார்கள். அவர் வழியில் வந்த டி.வி.தேசிகாச்சாரி 1959-ல் வெளியிட்ட ‘சயனோஃபைட்டா’ என்ற நீலப்பச்சைப் பாசிப் புத்தகம் இன்றும் ஆய்வாளர்கள் புரட்டும் நூல். பாசி என்றால் அழுக்கு என்று நினைத்திருந்தால் இந்தப் பெரியவர்கள் ஆயுளையே அதற்குக் கொடுத்திருப்பார்களா?

இப்போது உங்கள் தொட்டிக்கு வருவோம். அங்கே இருப்பது ஒரு பாசி அல்ல, ஒரு கூட்டம்! ஆள் யாரென்று தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாது.

புதுத் தொட்டி வைத்துச் சில வாரங்களில் கண்ணாடியிலும் மணலிலும் பழுப்பாகத் தூசு படிகிறதா? அது டயட்டம். அதன் உடம்பைச் சுற்றியுள்ள கூடு எதனால் ஆனது தெரியுமா? சிலிக்காவால். அதாவது உங்கள் மீன்தொட்டிக் கண்ணாடிக்கும் அதற்கும் மூலப்பொருள் ஒன்றே! கண்ணாடி வீட்டுக்குள் குடியிருக்கும் உயிர், கண்ணாடிச் சுவரில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. செத்த டயட்டம் கூடுகள் ஏரித் தரையில் படிந்து படிந்து மண்ணாகும். அந்த மண்ணில் நைட்ரோகிளிசரினை ஊறவைத்துத்தான் ஆல்ஃபிரட் நோபல் 1867-ல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கினார்! இன்னும் கேளுங்கள். ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் வறண்டுபோன ஒரு பேரேரியின் தரை முழுக்க டயட்டம் தூசு. அதுவும் சகாராவின் மற்றத் தூசும் காற்றில் ஏறி, அட்லாண்டிக்கைத் தாண்டி, அமேசான் காட்டில் போய் விழுகின்றன. அந்தத் தூசு வழியாக ஆண்டுக்குச் சுமார் 22,000 டன் பாஸ்பரஸ் அமேசானுக்குக் கிடைப்பதாக 2015-ல் நாசா ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஒரு பாசி, ஒரு கண்டத்தின் காட்டுக்கு உரம் போடுகிறது! வீட்டுத் தொட்டியில் இதற்குச் செய்யவேண்டியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. பஞ்சால் துடைத்துவிட்டுப் பொறுத்திருங்கள். தொட்டி பழக்கப்பட்டதும் தானே போய்விடும்.

கண்ணாடியில் கெட்டியான பச்சைப் புள்ளிகளா? பழைய ஏடிஎம் கார்டோ பிளேடோ போதும். அக்ரிலிக் தொட்டியில் மட்டும் பிளேடு கூடாது, கீறிவிடும்.

அடுத்தது, மீன் வளர்ப்பவர்களை அழவைக்கும் பிளாக் பியர்ட். இலை விளிம்பிலும் கட்டையிலும் ஃபில்டர் வாயிலும் கருகருவென்று தாடிபோல முளைக்கும். இழுத்தால் இலை கிழியும், அது வராது. கறுப்பாகத் தெரியும் இது உண்மையில் சிவப்புப் பாசி இனம் தெரியுமா? கொஞ்சம் பிய்த்து ஸ்பிரிட்டில் போட்டுப் பாருங்கள், கறுப்பு மறைந்து சிவப்பு எட்டிப்பார்க்கும்! ரம்ஜான் மாதத்தில் நம் ஊர் இஸ்லாமியர் வீடுகளில் நோன்பு திறக்கும்போது பால் ஊற்றிக் காய்ச்சி, துண்டு துண்டாக வெட்டித் தருவார்களே கடல்பாசி, அதுவும் சிவப்புப் பாசியின் சாறுதான். ராமநாதபுரம் கடற்கரையில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் தயாராகிறது. உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் கிருமி வளர்க்கும் தட்டுகளில் இருப்பதும் அகர்தான். அந்த யோசனையை 1880-களின் தொடக்கத்தில் கிருமியியலாளர் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்துக்குத் தந்தவர் ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண்மணி. சமையலறையில் ஜெல்லிக்குப் பயன்படுத்திப் பழகிய பொருளை அவர் சொல்ல, நுண்ணுயிரியலின் போக்கே மாறிப்போனது!

தொட்டியில் அந்தத் தாடியை எடுக்க மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு, 3 சதவீதம் உள்ளது, உதவும். ஃபில்டரை நிறுத்துங்கள். தொட்டித் தண்ணீர் ஒரு லிட்டருக்குக் கால் மில்லிக்கு மேல் போகாமல் ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, பாசியின் மேலேயே மெதுவாக விடுங்கள். குமிழ் குமிழாகப் பொங்கும். கால் மணி நேரம் கழித்து ஃபில்டரை ஓடவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் தாடி இளஞ்சிவப்பாகும். அதுதான் சாவின் நிறம். அதன் பிறகு மீன்களே வந்து கொறிக்கும். இறால் வளர்ப்பவர்கள் அளவை இன்னும் குறைத்துக்கொள்ளவேண்டும். இலையெல்லாம் தாடியாகிவிட்டால் அந்த இலையையே வெட்டிவிடுவது நல்லது.

நீலப்பச்சையாக, வழவழவென்று, மணல்மேல் போர்வை போர்த்தியதுபோல் படர்ந்து, மண்வாடை அடிக்கிறதா? அது பாசியே அல்ல, தெரியுமா? பாக்டீரியா! சயனோபாக்டீரியா. இதை வெறுக்கும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியதே இவற்றால்தான். நீங்களும் நானும் இந்த வரியை மூச்சுவிட்டுக்கொண்டே படிக்கிறோம் என்றால் அந்த வழவழப்புக்குக் கடன்பட்டிருக்கிறோம்! ஸ்பைருலினா மாத்திரை என்று ஆரோக்கியக் கடைகளில் விற்கிறார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான். சென்னையின் முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி.வி.சேஷாத்ரி தலைமையில் அதைக் கிராமத்துப் பெண்களும் வளர்க்கும் எளிய தொழிலாக்கப் பாடுபட்டார்கள். குடும்பத்தில் எல்லோரும் நல்லவர்கள் அல்ல. மைக்ரோசிஸ்டிஸ் என்ற உறவினர் சில வேளைகளில் கல்லீரலைத் தாக்கும் நஞ்சை நீரில் விடுவார்.

இந்த மைக்ரோசிஸ்டிஸ் நிரந்தரமாகப் பூத்துக் கிடந்த ஒரு கோயில் குளத்தை 1940-லேயே ஒருவர் உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார் தெரியுமா? எஸ்.வி.கணபதி. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் இதழில் அந்தக் கட்டுரை வந்தது. நம் கோயில் குளங்களின் பச்சை நிறம் அந்த நாளிலேயே அறிவியல் கேள்வியாகியிருக்கிறது! குளத்து மீனுக்கு நாம் அள்ளி வீசும் பொரியை நினைத்துப்பாருங்கள். மீன் தின்றது போக மிச்சம் அழுகும், தின்றது கழிவாகும். இரண்டும் நைட்ரேட், பாஸ்பேட் என்று பாசியின் வாய்க்குத்தான் போகும்.

வீட்டுத் தொட்டியிலும் கதை அதேதான். குழந்தைகள் ஆசையாக மீன் உணவுச் சிமிழைக் கவிழ்க்கும்போது வளர்வது மீன் மட்டுமல்ல. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போதும். வளர்ந்த மீன்களை வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டாலும் ஒன்றும் ஆகாது.

திருமலையில் தண்ணீர் மாற்றுவது எப்படி என்று தெரியுமா? சுவாமி புஷ்கரிணியில் தண்ணீரைச் சுத்திகரித்துச் சுழலவிடும் ஏற்பாடு உண்டு. நம் தொட்டி ஃபில்டர் செய்யும் அதே வேலை. அது போதாதென்று, பிரம்மோற்சவத்துக்கு முன்பு ஆண்டுக்கு ஒருமுறை சுமார் ஒரு மாதம் புஷ்கரிணியை மூடிவிடுகிறது தேவஸ்தானம். முதல் 10 நாள் தண்ணீரை இறைப்பது, அடுத்த 10 நாள் துப்புரவும் பழுதுபார்ப்பும் வண்ணம் பூசுவதும், கடைசி 10 நாள் நீர் நிரப்பித் தயார் செய்வது. அந்த நாட்களில் புஷ்கரிணி ஆரத்தியும் கிடையாது. நீரின் பிஎச் அளவை 7-ல் வைத்திருப்பதாகவும் தேவஸ்தானம் சொல்கிறது. ஃபில்டர் இருக்கிறதே, தண்ணீர் எதற்கு மாற்றவேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை!

ஆனால் வீட்டில் அப்படி மொத்தமாக இறைக்காதீர்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் வாளியில் திறந்து வைத்து ஊற்றுங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் அலசாமல், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் அலசுங்கள். மீன் கழிவின் நஞ்சை முறிக்கும் பாக்டீரியாக்கள் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கின்றன. சோப்பு எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

தொட்டித் தண்ணீர் முழுக்கப் பச்சையாகி மீனே தெரியவில்லையா? அது மிதக்கும் ஒற்றைச் செல் பாசி. தண்ணீரை எவ்வளவு மாற்றினாலும் மறுபடி பச்சையாகும், ஏனென்றால் மிச்சமிருக்கும் செல்கள் பல்கிப் பெருகிவிடும். இதற்கும் மணல்மேல் படரும் அந்த நீலப்பச்சை வழவழப்புக்கும் மிகப் பழைய, மிகச் செலவில்லாத வைத்தியம் இருட்டு! தொட்டி முழுவதையும் கறுப்புத் துணியாலோ அட்டையாலோ மூடி, ஒரு கீற்று வெளிச்சமும் புகாமல் மூன்று நான்கு நாள் வையுங்கள். தீனி வேண்டாம், எட்டிப் பார்க்கவும் வேண்டாம். ஏர் பம்ப் மட்டும் இடைவிடாமல் ஓடவேண்டும், காரணம் செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜனைத் தின்னும். திறந்ததும் பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள். தொட்டி பளிச்சென்று இருப்பதைப் பார்த்து வீடே வாய் பிளக்கும்.

கோடையில் பாதரசம் 40 டிகிரியைத் தாண்டும் திருப்பதி, சித்தூர், வேலூர்ப் பக்கத்து வீடுகளுக்கு ஏர் பம்ப் இன்னும் முக்கியம். 20 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 35 டிகிரியில் அது சுமார் 7 ஆகிவிடும். மீனுக்கு மூச்சு முட்டும் அதே வெப்பத்தில் பாசிக்கோ கொண்டாட்டம்! ஜன்னலோரத்தில் தொட்டி வைப்பதை மட்டும் விட்டுவிட்டாலே தொல்லை பெருமளவு குறையும். விளக்குக்கு ஒரு டைமர் வாங்கி, நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் மட்டும் எரியவிடுங்கள். பாசிக்கு எதிராக நீங்கள் செலவழிக்கும் பணத்தில் அந்த டைமருக்குக் கொடுப்பதுதான் மிகச் சிறந்த செலவு என்பது என் முடிவான கருத்து.

கடையில் யாராவது மயில்துத்தத்தை, அதாவது தாமிர சல்பேட்டைப் பரிந்துரைத்தால்? 1904-ல் அமெரிக்க வேளாண் துறையின் மூரும் கெல்லர்மனும் குடிநீர்த் தேக்கங்களின் பாசிக்குத் தாமிர சல்பேட்டைச் சொன்ன நாள் முதல் அது உலகெங்கும் பயன்படுகிறது. தேக்கத்துக்குச் சரி. வீட்டுத் தொட்டியில் இறாலும் நத்தையும் சாகும், அளவு பிசகினால் மீனும் சாகும். வேண்டவே வேண்டாம்.

அதற்குப் பதில் செடி வையுங்கள். வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா போன்ற வேகமாக வளரும் செடிகள் பாசிக்கு முன்னால் சத்தை இழுத்துக்கொள்ளும். மேலே மிதக்கும் செடி கொஞ்சம் இருந்தால் தாமரை இலையின் வேலையை அது செய்யும்.

பாசியைத் தின்னவென்றே பிறந்த உயிர்கள் உண்டு தெரியுமா? ஜப்பானின் புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ, தண்ணீருக்குள் தோட்டம் அமைப்பதை ஒரு கலையாகவே வளர்த்தவர், 1980-களில் தன் தொட்டிகளில் ஒருவகைச் சிறு இறாலைக் கூட்டம் கூட்டமாக விட்டார். அவை இழைப் பாசியைக் கைகளால் கொய்து கொய்து தின்றன. இன்று உலகமே அவற்றை அமானோ இறால் என்கிறது! விந்தை என்னவென்றால், நன்னீரில் வாழும் இவற்றின் குஞ்சுகளுக்கு உப்பு நீர் வேண்டும். அதனால் வீட்டுத் தொட்டியில் அவை பெருகுவதில்லை. ஓட்டோசிங்க்லஸ் என்ற விரல்நீள மீன் இலையில் படியும் மென்பாசியை மேயும். சயாமீஸ் ஆல்கே ஈட்டர் குட்டியாக இருக்கும்போது பிளாக் பியர்டையும் கடிக்கும்.

ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் அக்கான் ஏரியில் பாசி உருண்டை உருண்டையாகப் பந்துபோல வளர்கிறது. மாரிமோ என்று பெயர். 1952-ல் அதைத் தேசத்தின் சிறப்பு இயற்கைச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள்! இங்கே நாம் சுரண்டி எறிகிறோம், அங்கே விழா எடுக்கிறார்கள்.

கடைசியாக ஒரு மீன். சென்னைக் கொளத்தூரின் மீன் கடைகளிலிருந்து திருப்பதி வரை ‘டேங்க் கிளீனர்’, ‘சக்கர்’ என்று கேட்காமலே கையில் கொடுப்பார்களே, அது தென்னமெரிக்கக் கெளுத்தி. வாங்கும்போது விரல் நீளம். வளர்ந்தால் ஒரு அடியைத் தாண்டும்! வளர வளரப் பாசியை விட்டுவிட்டு மற்ற மீன்களின் தீனிக்குப் போட்டியிடும், தானே மலைபோலக் கழிவிடும், அந்தக் கழிவில் பாசி இன்னும் செழிக்கும். அதன் உடல் முழுக்கக் கவசம். இரைப்பையாலும் காற்றைச் சுவாசிக்கும், அதனால் தண்ணீருக்கு வெளியேகூடப் பல மணி நேரம் உயிரோடிருக்கும். தொட்டி போதாமல் போனதும் பாவம் பார்த்து ஏரியில் விடுகிறார்கள். அங்கே அது கரையைக் குடைகிறது, முள்ளால் வலையைக் கிழிக்கிறது, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடிக்கிறது. ஆந்திர மீனவர்கள் அதை டெவில் ஃபிஷ் என்கிறார்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையின் நீர்நிலைகளில் அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை, தண்ணீரில் கரைந்திருக்கும் மரபணுத் தடயத்தை வைத்தே ஐதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மைய (சிசிஎம்பி) விஞ்ஞானிகள் கண்டுபிடித்து 2024-ல் வெளியிட்டார்கள்.

உங்கள் தொட்டியில் ஒரு சக்கர் இருந்து, அது பெரிதாகிவிட்டது என்றால், வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், இல்லையேல் பெரிய தொட்டி வைத்திருப்பவருக்குக் கொடுங்கள். சுவர்ணமுகி ஆற்றிலோ, ஊர் ஏரியிலோ, புண்ணியம் என்று எந்தக் கோயில் குளத்திலோ அதைத் தயவுசெய்து விடாதீர்கள்!